விமான விபத்தும் நஷ்ட ஈடும்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் வழக்கறிஞரான ஒரு முன்னாள் மாணவர் ஆற்றிய உரை)



நம் பழைய மாணவர்களில் பலர் துபாய், தோஹா, சிங்கப்பூர் என்று பறந்துகொண்டிருக்கிறார்கள். அதனால் நல்ல நாளும் அதுவுமாக விபத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2020 ஆகஸ்ட் 7 அன்று, துபாயிலிருந்து 190 பேருடன் வந்த விமானம் கோழிக்கோட்டில் மழையில் இறங்கி, ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. 21 பேர் இறந்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கால் உடைந்து, வேலையும் போய் வீட்டில் கிடப்பவருக்கு? ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்ததா? தீரவில்லை.

வெளிநாட்டுப் பயணத்துக்கு 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. விமானத்துக்குள்ளோ, ஏறும்போதோ, இறங்கும்போதோ நடந்த விபத்தில் உடலில் காயம் பட்டால் விமானக் கம்பெனிதான் பொறுப்பு. ஓர் எல்லை வரை கம்பெனியின் தவறை நாம் நிரூபிக்கவே வேண்டாம். 2024 டிசம்பர் 28 முதல் அந்த எல்லை ரூபாய்க் கணக்கில் ஒன்றரைக் கோடிக்கும் மேல். அதற்கு மேலும் கேட்கலாம். அப்போது தன்மேல் தவறில்லை என்று கம்பெனிதான் காட்ட வேண்டும். ஆனால் இது எல்லோருக்கும் அப்படியே எடுத்துக் கொடுக்கிற தொகை இல்லை. நமக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை நாம்தான் காட்டியாக வேண்டும்.

இங்கேதான் நம் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். கோழிக்கோடு விபத்துக்குப் பின் பலத்த காயத்துக்கு 2 லட்சம், லேசான காயத்துக்கு 50,000 ரூபாய் என்று இடைக்கால நிவாரணம் அறிவித்தார்கள். இப்படிப்பட்ட முன்பணத்தைத் தாராளமாக வாங்கலாம். உரிமை போகாது, பின்னால் வரும் தொகையில் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆனால் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று ஒரு காகிதம் நீட்டினால், வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று கெடு. இரண்டே ஆண்டுகள். விமானம் வந்துசேர வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடவில்லையென்றால் உரிமையே அற்றுப்போகும். கடிதம் எழுதிக்கொண்டே இருந்தால் கெடு நிற்காது.

2010 மே 22 மங்களூர் விபத்தில் 158 பேர் இறந்தார்கள். அதில் ஒரு பயணியின் குடும்பம் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கும், பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. 2020-இல் கிடைத்த தீர்ப்பு சுமார் 7 கோடியே 64 லட்சம் ரூபாய். சம்பளத்தைப் பல தலைப்பில் பிரித்திருப்பதைக் காரணம் காட்டி வருமானத்தைக் குறைக்கக்கூடாது என்றது கோர்ட். அது உயிரிழப்பு வழக்கு. ஆனாலும் காயம்பட்டவருக்கும் வருமானத்துக்குச் சாட்சி சம்பளச் சீட்டுதான். அதோடு டிக்கெட், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் காகிதம், மருந்து பில், ஊனச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பையில் பத்திரமாக வையுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று உட்கார்ந்துவிட வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். பெண்களுக்கும், பெரும் விபத்தில் சிக்கித் தவிப்பவர்களுக்கும் அதைக் கேட்க உரிமை உண்டு.

தம்பி தங்கைகளே, அடிபட்டுக் கிடப்பவர் சட்டப் புத்தகம் தேட மாட்டார். பக்கத்தில் படித்தவர் ஒருவர் நின்று, "கையெழுத்துப் போடாதீங்க, தேதியைக் குறிச்சு வைங்க" என்று சொன்னாலே பெரிய உதவி. அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.