மாதா மாதம் வரும் வலி



விடியற்காலையில் பெரட்டு நடக்கிறது. பெயர் கூப்பிடும்போது ஒருத்தி மட்டும் இல்லை. போன மாதமும் இப்படித்தான் இரண்டு நாள் வரவில்லை. "சோம்பேறித்தனம்" என்கிறார் தண்டல். "நாங்களெல்லாம் அந்த நாளிலும் மரம் வெட்டவில்லையா?" என்கிறார் மாமியார். அவளோ வீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள். சம்பளமும் போயிற்று, பேரும் கெட்டது.

மாதவிலக்கில் ஓரளவு வலி இருப்பது இயற்கைதான். வெந்நீர் ஒத்தடத்துக்கு அடங்கும் வலியைப் பற்றி நாம் பேசவில்லை. வேலைக்கோ பள்ளிக்கோ போகவிடாமல் மாதா மாதம் படுக்க வைக்கிறதே, அந்த வலி நோயின் அறிகுறியாக இருக்கலாம். அத்தகைய நோய்களில் ஒன்று எண்டோமெட்ரியோசிஸ். பெயர்தான் வாயில் நுழையாது, நோய் அபூர்வமானதன்று. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

கர்ப்பப்பையின் உள்ளே மெத்தை போன்ற ஒரு சவ்வு உண்டு. மாதந்தோறும் அது தடித்து, கரு தங்காவிட்டால் உதிரத்தோடு வெளியேறுகிறது. இந்நோயில் அதைப் போன்ற சதை கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் கருக்குழாயிலும் குடலின் மேலும்கூட வளர்கிறது. அங்கே கசியும் உதிரத்துக்குப் போக வழியில்லை. சுற்றிலும் அழற்சி உண்டாகித் தழும்பு விழுகிறது. உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் கூடும். சிலருக்கு மலம் கழிக்கும்போதும், கணவனோடு சேரும்போதும் வலிக்கும். இதை யாரிடம் சொல்வது என்ற வெட்கத்திலேயே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. சிலருக்குக் கரு தங்குவதும் கடினமாகிறது. பிள்ளை இல்லையென்று ஒரு பெண்ணை ஏசுகிற நாம், அவளுக்கு இப்படி வலி உண்டா என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

"கல்யாணமானால் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல மனத்தோடு சொல்வதுதான், ஆனால் உண்மையன்று. கர்ப்ப காலத்தில் சிலருக்கு வலி தணிந்து, பிறகு திரும்பி வரும். இது செய்வினையுமல்ல, ஒட்டுநோயுமல்ல.

கிளினிக்கில் "வயிற்று வலி" என்று மட்டும் சொன்னால் கேஸ்டிரிக் மருந்தோடு திரும்ப நேரிடலாம். ஆகவே மூன்று மாதம் சுவரிலுள்ள காலண்டரில் பென்சிலால் குறித்து வையுங்கள்: எந்தத் தேதியில் வலி, எத்தனை நாள், எத்தனை முறை துணி மாற்றினீர்கள், எந்த வேலை செய்ய முடியவில்லை. அந்தத் தாளையே கிழித்து டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் நோய் இருக்கலாம். வலி நிற்கவில்லையென்றால், பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் நோய் நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள்.

இந்நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் வலி மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, தேவைப்பட்டால் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை ஆகியவற்றால் கட்டுப்படுத்தலாம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாணமாகாத உங்கள் மகளுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்தால் பதறாதீர்கள். பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். வலியை அடக்கத்தான் அது. அதனால் பிள்ளைப் பேறு கெட்டுப்போகாது. நிறுத்துவதானால் டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள்.