திருவாதிரை மங்கிய மார்கழி

சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் மார்கழித் திருவிழா தேரோட்டத்துக்கு மறுநாள், திருவாதிரையன்று நிறைவுபெறும். 2020-இல் அது ஜனவரி 10. கோயிலில் ஆருத்ரா தரிசனம். வானத்திலோ அதே திருவாதிரை மங்கிக்கொண்டிருந்தது!

பிப்ரவரிக்குள் அதன் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. வெடிக்கப்போகிறது என்று சிலர் கிளப்பிவிட்டார்கள். நடந்தது வேறு. அந்தச் செம்பெரும் நட்சத்திரம் கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி, நம் கண்ணுக்கு நேராகத் திரை போட்டுவிட்டது. அதுவும் ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் நடந்த சங்கதி. ஒளி வந்துசேர அத்தனை காலம்.

இந்த மங்கலைக் கண்டுபிடிக்கத் தொலைநோக்கிகூட வேண்டாம். மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, அந்த ஓரியன் கூட்டத்தின் ஒரு தோள் திருவாதிரை. மறுதோளில் இருப்பது பெல்லாட்ரிக்ஸ். எப்போதும் திருவாதிரைதான் பளிச்சென்று இருக்கும். அந்தப் பிப்ரவரியில் இரண்டும் ஏறத்தாழ சமம். இப்படிப் பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிட்டுக் குறித்துவைப்பதுதான் மாறொளி விண்மீன் ஆய்வின் அரிச்சுவடி.

நம்மவர் ஒருவரும் இதில் முன்னோடி. சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் வேலைபார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இலேயே ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார்.