முத்திரை போர்டிலா, ரிப்போர்ட்டிலா?

(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, 35 வருடம் பேங்கில் கிளார்க்காக இருந்தவன். ஆனாலும் நம் செயலாளர் என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம், போன வருடம் எங்கள் வீட்டில் நடந்த சம்பவம்.

ஒரு லேபிலிருந்து வீட்டுக்கே வந்து என் மனைவிக்கு ரத்தம் எடுத்துப் போனார்கள். மாலையில் ரிப்போர்ட் வந்தது. பொட்டாசியம் 6.4. டாக்டர் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். அங்கே மறுபடி பார்த்தால் 4.3, நார்மல். எடுத்த ரத்தத்தை நேரத்தோடு லேபில் சேர்க்காவிட்டாலோ, அணுக்கள் உடைந்துவிட்டாலோ பொட்டாசியம் பொய்யாகக் கூடிக் காட்டும் என்றார் டாக்டர். அந்த இரவு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

லேப் வாசல் போர்டில் என்.ஏ.பி.எல். முத்திரை இருந்தது. ரிப்போர்ட்டில் இல்லை. கேட்டதற்கு, "அது எங்க மெயின் லேபுக்கு சார்" என்றார்கள்.

அப்போதுதான் விசாரித்தேன். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. தமிழ்நாட்டில் 1997ஆம் வருடச் சட்டப்படி ஆஸ்பத்திரியும் லேபும் அரசிடம் பதிவு செய்தே ஆகவேண்டும். அது பேங்குக்கு ரிசர்வ் வங்கி லைசென்ஸ் மாதிரி. அங்கீகாரம் என்பது, தாமே முன்வந்து வெளியாள் தணிக்கைக்கு உட்படுவது. ஆஸ்பத்திரிக்கு என்.ஏ.பி.எச்., லேபுக்கு என்.ஏ.பி.எல். இரண்டும் இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் வருபவை.

கையெழுத்தைச் சரிபார்க்காமல் நாங்கள் செக்குக்குப் பணம் தரமாட்டோம். அதேபோல, பெயரோடு இன்னொரு அடையாளத்தையும் சரிபார்த்த பிறகே நோயாளிக்கு மருந்து தரவேண்டும். கை கழுவுவது, மருந்தைப் பத்திரப்படுத்துவது, லேப் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று பார்ப்பது, எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதிவு வேண்டும்.

இது டாக்டரின் திறமைக்கு கேரண்டி அல்ல. ஆடிட் ஆன பிராஞ்சிலும் தவறு நடக்கும். ஆனால் நடந்த தவறு பதிவாகும், காரணத்தைத் தேடுவார்கள்.

அடுத்த மாதம் நம் வளாகத்தில் ரத்தப் பரிசோதனை முகாம் வைக்கப்போகிறோம். லேபை முடிவு செய்யும் முன் மூன்று கேள்விகள் கேட்போம். அங்கீகாரம் எந்தக் கிளைக்கு? எந்தெந்தப் பரிசோதனைக்கு? இன்றைக்கும் செல்லுமா? என்.ஏ.பி.எல். இணையதளத்திலேயே பெயரைத் தேடிப் பார்த்துவிடலாம்.

ஐந்து நிமிட வேலைதான். எங்களுக்கு வந்த அந்த இரவு உங்கள் யார் வீட்டுக்கும் வரவேண்டாம்.