நொய்யல் தரும் பாடம்

 

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கிறது நொய்யல். அதன் கதையை நாம் மலையிலிருந்தே தொடங்க வேண்டும்.

மலை ஓடையில் இலைகள் உதிர்கின்றன. பூசணமும் பூச்சிகளின் இளம்புழுக்களும் அவற்றைத் தின்று வளர்கின்றன. புழுக்களை மீன் தின்கிறது. மேலே மிஞ்சும் துகள் கீழே வாழும் உயிர்களுக்கு உணவாகிறது. தலை முதல் கடை வரை ஆறு ஒரே உயிர்ச்சங்கிலி. ராபின் வன்னோட் முதலிய அமெரிக்க விஞ்ஞானிகள் 1980-ல் இதை விளக்கினார்கள்.

இந்தச் சங்கிலியை லாபவேட்டை அறுத்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு பல்லாண்டுகள் நொய்யலில் விடப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. சாதாரணச் சுத்திகரிப்பு உப்பை நீக்காது. வயலிலும் கிணற்றிலும் உப்பு ஏறியது. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அன்று வேலையிழந்தவன் யார்? தொழிலாளி!

நிலம் கெட்டது விவசாயிக்கு. கூலி போனது தொழிலாளிக்கு. லாபம் சேர்ந்தது முதலாளிக்கு! ஆகவே உழுபவனையும் உழைப்பவனையும் மோதவிடும் பேச்சுக்கு நாம் இடங்கொடுக்கலாகாது.

நாம் கோருவது இதுதான்: ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழாத ஏற்பாட்டை முதலாளிகள் தங்கள் செலவில் நடத்த வேண்டும். கண்காணிப்பில் விவசாயிக்கும் தொழிலாளிக்கும் இடம் வேண்டும். ஓடைக்கரை மரங்களைக் காக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓடையைச் சோதிக்கக் கற்பிக்க வேண்டும். மலையோடையில் கல்லைப் புரட்டினால் மே-ஈ என்னும் பூச்சியின் இளம்புழு ஒட்டியிருக்கும். அசுத்தம் சேர்ந்தால் முதலில் மறையும் உயிர்களில் அது ஒன்று. இதைக் காணப் பூதக்கண்ணாடி போதும். ஆற்றை அறிந்த மக்களை எவரும் ஏய்க்க முடியாது!