லூ பிரிசியின் இடது கால்



நம் மைதானங்களில் அதிகம் ஆடப்படாத பேஸ்பால் ஆட்டத்தின் வீரர் ஒருவரை இன்று உங்களோடு நினைவுகூர விரும்புகிறேன். பெயர் லூ பிரிசி. அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் 1924-இல் பிறந்தவர். இடக்கைப் பந்துவீச்சாளர். பையன் முதலில் கல்லூரியில் படிக்கட்டும், பிறகு நம் அணிக்கு வரட்டும் என்று பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் அணியின் மேலாளர் கோனி மேக் அவருக்காகக் காத்திருந்தார். அதற்குள் இரண்டாம் உலகப் போர் அவரை அழைத்துக்கொண்டது.

1944 டிசம்பர். இத்தாலியின் அப்பினைன் மலைப்பகுதியில் வெடித்த பீரங்கிக் குண்டு, அவருடைய இடது கால் எலும்பை 30-க்கும் மேற்பட்ட துண்டுகளாக்கியது. வயது 20. காலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். நான் பந்து வீசுபவன், எடுத்துவிடாதீர்கள் என்று மன்றாடினார் பிரிசி. இடக்கையால் வீசுபவர் இடது காலை ஊன்றித்தான் உடலை முன்னே தள்ள வேண்டும். அந்தக் கால் போனால் ஆட்டமும் போயிற்று. நேப்பிள்ஸில் வில்பர் புரூபேக்கர் என்ற இராணுவ மருத்துவர் அவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் அது எளிய முடிவல்ல. எலும்புத் துண்டுகளைக் கம்பியால் சேர்த்துக் கட்டினார். மொத்தம் 23 அறுவைச் சிகிச்சைகள். மருத்துவமனைக் கட்டிலுக்குக் கோனி மேக்கின் கடிதமும் வந்தது: எப்போது உடல் தேறுகிறதோ, அப்போது வாய்ப்பு உண்டு.

1947-இல் காலில் கவசம் கட்டிக்கொண்டு அத்லெட்டிக்ஸ் அணிக்காகக் களம் இறங்கினார். அடுத்த ஆண்டுத் தொடக்க ஆட்டத்தில், பாஸ்டனில், எதிரணியின் டெட் வில்லியம்ஸ் விளாசிய பந்து அதே காலில் பாய்ந்தது. சுருண்டு விழுந்தவர் எழுந்து, மிச்ச ஆட்டத்தையும் தாமே வீசி வென்று கொடுத்தார். 1949-இல் 16 வெற்றிகள். சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுத்து அமைக்கும் ஆல்-ஸ்டார் அணியிலும் இடம்.

ஆனால் 1953-இல் ஓய்வு பெற்ற பிறகு அவர் செய்த வேலையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். முன்னாள் படைவீரர்களின் அமைப்பான அமெரிக்கன் லீஜியன், 1925 முதல் பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் நடத்தி வந்தது. அந்தத் திட்டத்துக்குத் தலைமையேற்றார். தமக்குக் கிடைத்த வாய்ப்பைப் பெயர் தெரியாத ஊர்களின் பிள்ளைகளுக்கும் கிடைக்கச் செய்வதில் அந்தப் பொறுப்பில் இருந்த ஆண்டுகளைச் செலவிட்டார்.

இன்று உடற்கல்விப் பட்டம் பெறும் மாணவர்களே, அடுத்த கல்வியாண்டில் உங்களில் பலரின் கழுத்தில் விசில் தொங்கும். அணிக்கு ஆள் எடுக்கும் பட்டியல் உங்கள் கையில் இருக்கும். காலை இழுத்து நடக்கும் பிள்ளை ஒன்று வந்து நிற்கும். “நீ உட்கார்ந்து ஸ்கோர் எழுது” என்று சொல்லி அனுப்பிவிடுவது நம் பள்ளிகளின் நெடுநாள் வழக்கம். அந்தப் பிள்ளைக்கு என்ன ஆட ஆசை என்று ஒரு முறையாவது கேளுங்கள். கேட்ட பிறகு, அதற்கு வழி தேடுங்கள். இதை உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன்.

பிரிசியின் காலில் வலி கடைசிவரை விடவில்லை. முதுமையில் ஊன்றுகோலோடு அகஸ்டா நகரின் படைவீரர் மருத்துவமனைக்குப் போய், புதிய போர்களில் காயப்பட்டு வந்த இளைஞர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். 2013 நவம்பரில், 89-ஆம் வயதில் மறைந்தார்.

பட்டம் பெறும் உங்கள் ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.