கடலடிக் கதையும் கண்டறிந்த உண்மையும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விஞ்ஞானமும் பழங்கதையும் விநோதப் பிராணிகளும் கலந்து வரும் சாகச நவீனங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச முன்வந்துள்ளோம். "படிக்கிற பிள்ளைக்குப் பூதக்கதை எதற்கு?" என்று பெரியோர் கேட்கின்றனர். "விஞ்ஞான யுகத்தில் பழங்கதை எதற்கு?" என்று இளைஞர் கேட்கின்றனர். இரு சாராருக்கும் மறுமொழி சொல்லவல்ல நவீனம் ஒன்றுண்டு. பிரான்சு தேசத்து யூல்ஸ் வேர்ண் (1828–1905) எழுதிய 'கடலடியில் இருபதினாயிரம் லீக்குகள்' என்பதே அது. 1869, 1870ஆம் ஆண்டுகளில் ஒரு சஞ்சிகையில் தொடராக வெளிவந்தது. தலைப்பிலுள்ள அளவை ஆழமென்று எண்ணுவோர் பலர். அஃது ஆழமன்று, கடலுக்கடியில் பிரயாணம் செய்த தூரம். இந்த லீக் நான்கு கிலோமீற்றர். ஆகவே மொத்தம் 80,000 கிலோமீற்றர்; பூமியை இருமுறை சுற்றிவரும் தூரம்.

கதை ஒரு பயத்திலேயே ஆரம்பமாகிறது. கப்பல்களை மோதி உடைக்கும் பிராணி ஒன்று சமுத்திரத்தில் உலாவுகிறதாம். பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் அரோனக்ஸ் அதனை ஒற்றைக் கொம்புடைய பெருந் திமிங்கிலமென்று நிரூபிக்கிறார்! தேடிச் சென்று பார்த்தால், அது மின்சாரத்தால் இயங்கும் எழுபது மீற்றர் நீளமான நீர்மூழ்கிக் கப்பல். அதன் தலைவன் கப்டன் நெமோ. நெமோ என்றால் இலத்தீன் மொழியில் 'ஒருவருமல்லன்' என்பது பொருள். கற்றறிந்தவரின் ஊகமும் பிழைக்கலாம் என்பது முதல் அத்தியாயங்களிலேயே நமக்குக் கிடைக்கும் பாடம்.

இந்தக் கப்பலில் நாம் இரண்டு பழங்கதைகளைச் சந்திக்கிறோம். முதலாவது, கடலில் அமிழ்ந்த அத்திலாந்திஸ். இற்றைக்கு ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க ஞானி பிளேட்டோ சொல்லிவைத்த கதை. இரண்டாவது, வடகடல் மாலுமிகள் அஞ்சிய கிராக்கன். நோர்வே நாட்டு அத்தியட்சர் பொன்ரொப்பிடான் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய நூலில், அதன் முதுகு தீவுக்கூட்டம்போலத் தோன்றும் என்று வர்ணித்தார். வேர்ண் அவ்விரண்டையும் தம் கதையில் சேர்த்துக்கொண்டார். நெமோ அத்திலாந்திஸின் இடிபாடுகளுக்கு இட்டுச் செல்கிறான். பின்னர் இராட்சதக் கணவாய்கள் கப்பலைத் தாக்குகின்றன.

அன்பர்களே, அதன்பின் நடந்ததே சிந்திக்கத்தக்கது. கதைக்கு வெளியே, விஞ்ஞானிகள் இரண்டையும் சோதித்தனர். அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடித்தளத்தை அளந்தும் துளைத்தும் பார்த்தனர். அமிழ்ந்துபோன கண்டம் எதுவும் அங்கு இல்லை. கிராக்கனின் செய்தியோ வேறு. 1861ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி, அலெக்ரன் என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பல் தெனரீஃப் தீவுக்கு அருகில் ஒரு பெருங் கணவாயைக் கண்டது. கயிறு போட்டு இழுத்தனர். உடல் நழுவிப் போயிற்று. வாற்றுண்டு மட்டுமே கைக்கு அகப்பட்டது. மாலுமிகளின் பேச்சை நம்பாதவர்களும் இருந்தனர். வேர்ண் இந்தச் செய்தியைத் தம் நவீனத்திலேயே எடுத்துரைக்கிறார். 1870களில் நியூபவுண்லாந்துக் கரைகளில் அத்தகைய கணவாய்கள் பல ஒதுங்கின; ஐயம் தீர்ந்தது. ஆயினும் உயிரோடு அதன் இருப்பிடத்தில் அதனைப் படம்பிடிக்க 2004ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. யப்பானிய விஞ்ஞானி குபோதெராவும் அவரது துணைவரும் ஒகசவாராத் தீவுகளுக்கருகே, ஏறத்தாழ 900 மீற்றர் ஆழத்தில் அதனைச் சாதித்தனர். இதுவரை அளந்தவற்றுள் மிகப் பெரியன பன்னிரண்டு பதின்மூன்று மீற்றர் நீளமானவை. தீவுமில்லை, கப்பலை விழுங்கும் பூதமுமில்லை. ஆனாலும் உண்மையான பிராணி.

ஒரே நூலில் வந்த இரு பழங்கதைகளுள் ஒன்று பொய்த்தது. மற்றது பாதி மெய்த்தது. எது எதுவாகுமென்று வாசிக்கும்போதே சொல்ல எவராலும் இயன்றிருக்காது. பழமை என்பதற்காக முழுவதும் நம்பியவரும் பிழைத்தனர். பழமை என்பதற்காக முழுவதும் நகைத்தவரும் பிழைத்தனர். போய்ப் பார்த்தவரே வென்றனர். எந்தப் பழங்கதையையும் இன்றைய விஞ்ஞானத்துக்குச் சாட்சியென்று மேடையில் முழங்குவோரும், அதனை வெறும் குப்பையென்று தள்ளுவோரும் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

இனி, நம் நாட்டைத் தொட்ட ஓர் இடம். நெமோவின் கப்பல் இலங்கைக் கரைக்கும் வருகிறது. வேர்ண் இங்கு வந்தவரல்லர். நூல்களைக் கொண்டே எழுதினார். மன்னார்க் கடலில் தேங்காய்ப் பருமனான முத்தொன்றை அவர் காட்டும்போது நாம் சிரிக்கிறோம். சலாபத்துச் சிப்பியே உள்ளங்கையளவுதானே! ஆனால் அடுத்த காட்சியில் சிரிப்பு அடங்கிவிடுகிறது. ஏழை இந்தியன் ஒருவன், இடுப்பில் சிப்பிப்பையும் காலடியில் கல்லுமாக மூழ்கி மூழ்கி எழுகிறான். சுறா அவன்மேல் பாய்கிறது. மனித குலத்தையே வெறுத்ததாகச் சொன்ன நெமோ, குத்துவாளுடன் இடையிற் புகுந்து அவனைக் காக்கிறான். ஒரு பை முத்தையும் கொடுத்து அனுப்புகிறான். ஏனென்பது 1874, 1875இல் வெளிவந்த 'மர்மத் தீவு' என்னும் நவீனத்தில் தெரிகிறது. அவன் புந்தேல்கண்டு நாட்டு இளவரசன் தக்கார். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் போராடிக் குடும்பத்தை இழந்தவன்.

அதே நெமோ பின்னர் பழிவாங்கும் வெறியில் ஒரு போர்க்கப்பலை அதிலுள்ளோரோடு மூழ்கடிக்கிறான். ஒரே கை, ஒரே அறிவு, ஒரே கப்பல்: ஓரிடத்தில் உயிர்காத்தது, ஓரிடத்தில் உயிர்பறித்தது. இராட்சதக் கணவாயைவிட அஞ்சத்தக்கது அன்பை இழந்த அறிவே என்பதை எந்த விஞ்ஞான பாடபுத்தகமும் இவ்வளவு தெளிவாகக் கற்பிக்கவில்லை.

ஆகவே பெரியோர்களே, பிள்ளைகளின் கையிலிருந்து இத்தகைய நூல்களைப் பறிக்காதீர்கள். வாசித்து முடித்தபின், "இதில் எது மெய்? எப்படி அறிந்தாய்?" என்று மட்டும் கேளுங்கள். இளைஞர்களே, வியப்பதற்கு வெட்கப்படாதீர்கள்; வியந்த இடத்திலேயே நின்றும் விடாதீர்கள். நமது வாசிகசாலையில் இத்தகைய நூல்களுக்கென ஒரு தட்டை ஒதுக்குமாறு சங்கத்தாரை வேண்டி அமைகிறோம்.