முத்து முத்தான கையெழுத்தும் முழுசான கணக்கும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப் பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாதம் ஒரு குழுவுக்குப் புது ஊக்குநர் தேர்வுக்காகப் போயிருந்தோம். எல்லாரும் ஒரு அக்காவைக் கைகாட்டினார்கள். அவர் மட்டும், "வேணாம் மேடம், என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். எழுத்து கோணலா இருந்தா புத்தியும் கோணல்னு டி.வி.யில சொல்றாங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். வரி மேலே ஏறினால் முன்னேறுவார், கீழே இறங்கினால் சோர்ந்துபோவார், வலப்பக்கம் சாய்ந்தால் பாசக்காரர் என்று யாரோ பலன் சொன்னார்களாம்.

தலையெழுத்து என்று சொல்லி நம்மை உட்கார வைத்தது போதாதா? இப்போது கையெழுத்துமா?

நம் ஊரிலேயே, "கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது" என்று நேர் எதிராகவும் சொல்வார்கள். இரண்டில் எதை நம்புவது?

பலன் கேட்கும்போது நமக்கே சொன்ன மாதிரி இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் 1949-ல் வெளியிட்ட சோதனையைக் கேளுங்கள். 39 மாணவர்களிடம் தேர்வு வைத்து, "இதுதான் உன் குணம்" என்று ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள்! எழுத்துகள் பெரும்பாலும் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. யாருக்கும் பொருந்துகிற மாதிரி பேசினால், அவரவர் தனக்கென்று எடுத்துக்கொள்கிறார்கள். கையெழுத்தை வைத்துக் குணம் சொல்வதையும் ஆராய்ச்சியாளர்கள் பல தடவை சோதித்தார்கள். நம்பும்படி எதுவும் நிற்கவில்லை.

கையெழுத்தில் எதுவுமே தெரியாதா என்றால், தெரியும். ஒரே ஆள் எழுதியதா, கள்ளக் கையெழுத்தா என்று நிபுணர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதைக் கோர்ட்டும் கேட்கும். நன்றாக எழுதிக்கொண்டிருந்தவருக்குக் கை நடுங்கினாலோ, எழுத்து வரவரச் சின்னதாகிக்கொண்டே போனாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். பார்க்கின்சன் என்ற நரம்பு நோயில் அப்படி ஆவதுண்டு. மற்றபடி எழுத்து சொல்வது, எந்த வயதில் கற்றோம், எவ்வளவு பழகினோம் என்பதைத்தான். நம்மில் பலர் நாற்று நட்ட கையோடு, தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தில் ராத்திரி உட்கார்ந்து பேர் எழுதப் பழகியவர்கள். அந்த எழுத்து கொஞ்சம் சாய்ந்தால் என்ன?

அப்படியானால் ஒரு ஆளை எதை வைத்து நம்புவது? பதில் நம் உத்திரமேரூரிலேயே இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. 30 குடும்புகளிலும் தகுதியுள்ளவர் பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். வாங்கியதை எல்லார் முன்னும் வாசிக்க வேண்டும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பேரையும், அவர் உறவுக்காரர் பேரையும் குடத்தில் போடவே கூடாது.

அது நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் சபை. நம் பேர் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. ஆனாலும் விரித்த கையும், உரக்க வாசிப்பதும், கணக்குக் காட்டுவதும் நமக்கும் வேண்டியவை.

இதில் எங்கள் தவறையும் சொல்லியாக வேண்டும். ஒரு குழுவில் தீர்மான நோட்டும் ரொக்கப் புத்தகமும் அச்சடித்த மாதிரி இருக்கும். தரமதிப்பீட்டுக்குப் போன நாங்கள் எழுத்தைப் பார்த்தே பாராட்டிவிட்டு வந்தோம். கூட்டிப் பார்க்கவில்லை. பின்னால் வங்கிப் பாஸ்புத்தகத்தோடு ஒப்பிட்டபோது பணம் குறைந்தது. மாடு விற்றும் கூலிக்குப் போயும் கட்டிய சேமிப்பு அது. எழுதியவரைச் சொல்கிறோம், பார்க்காமல் வந்த எங்களையும் சொல்ல வேண்டாமா?

அதனால் இந்த மாதத்திலிருந்து நான்கு காரியம் செய்வோம்:

1. ஒவ்வொரு கூட்டத்திலும் வரவு, செலவு, கையிருப்பை உரக்க வாசிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் கேட்டால் திரும்பவும் வாசிக்க வேண்டும்.

2. எழுதுபவர் ஒருவர், பணம் எண்ணுபவர் வேறொருவர்.

3. மாதம் ஒரு முறை வங்கிப் பாஸ்புத்தகத்தில் பதிந்து, நோட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும்.

4. வெற்றுத் தாளில் யாரும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கக் கூடாது.

அடுத்த வாரம் அந்தக் குழுவில் மறுபடி தேர்வு. அந்த அக்கா வாங்கிய கடனில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. மழையென்று கூட்டத்துக்கு வராமல் இருந்ததில்லை. அவருடைய குணம் கடன் பேரேட்டிலும் வருகைப் பதிவேட்டிலும் எழுதியிருக்கிறது. எழுத்துப் பழக நாங்கள் கூட உட்காருகிறோம். சம்மதம் சொல்லுங்க அக்கா!